நாலு மணி மாற்றமும் குப்புராஜின் கைகளும்

2008 தை மாதத்திலிருந்து குப்புராஜின் கைகள் நாஜியா எழுதியதை மட்டுமே செய்தன. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி செய்யும் ஓர் ஆலையில் அவர் உலை இயக்குபவர். எதிரே ஆறு எண் பொத்தான்கள், மேலே ஒரு திரை. எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பதை ஆலையின் மாடியில் ஐந்து பேர் மென்பொருளாக எழுதினார்கள். தினமும் மாலை நான்கு மணிக்கு அதில் ஏதாவது மாற்றி வெளியிட்டார்கள். மாற்றத்துக்கு ஏற்ப இயக்கும் முறையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது நாஜியாவின் வேலை. அவள் பழவேற்காட்டுப் பெண், பி.எஸ்ஸி. இயற்பியல், பொன்னேரி வரை பஸ், பிறகு ரயில். அந்தப் பக்கம் பிளாஸ்டிக் உறையில் குப்புராஜின் முன்னால் தொங்கும். ஷிப்ட் தொடங்கும்போது அவர் அதை ஒருமுறை படித்துவிட்டால், முடியும்வரை அதில் இல்லாத எதையும் கைகள் செய்யாது. மூக்கு அரித்தால் உலை வாயைச் சுத்தம் செய்யும் யேசுதாஸ்தான் வந்து சொறிந்துவிட வேண்டும்.

மருத்துவர் நரம்பில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மேலாளர் உற்பத்தி ஏழு சதவீதம் கூடியிருப்பதைக் குறித்துக்கொண்டார். குப்புராஜும் பழகிப்போனார். “என் ஊட்டுக்காரி இருவது வருசமா சொல்லிப் பாத்தா, கேக்கல. நீ ஒரே பேப்பர்ல அடக்கிட்டியே பாப்பா,” என்றார். நாஜியா மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் மூன்று முறை படித்தாள். உம்மா மளிகைப் பட்டியல் கேட்டால் எழுதாமல் வாயால் சொன்னாள்.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு, மாடியில் மென்பொருள் எழுதும் சரவணகுமார் டீயை உறிஞ்சியபடி, மூன்றாம் பொத்தானையும் நான்காம் பொத்தானையும் இடம் மாற்றிவிட்டதாகப் போகிற போக்கில் சொன்னான். அதுவரை மூன்று உலைக் கதவைப் பூட்டும், நான்கு திறக்கும். அன்று நான்கு மணியிலிருந்து மூன்றுதான் திறக்கும்.

“எங்கிட்ட சொல்லலியே சார்.”

“சின்ன மாத்தம்தானே நாஜியா. இதுக்கெல்லாமா உன்ன கூப்புடுவாங்க? ஸ்க்ரீன்ல பேரு தெரியுது, பாத்து அமுக்க மாட்டாரா?”

மாடியில் எல்லோருக்கும் இருந்த பழக்கம் அது. பெரிய மாற்றத்தை அவளிடம் சொல்வார்கள், சின்ன மாற்றத்தைச் சொல்ல மாட்டார்கள். கீழே தொங்கும் பக்கத்தில், நான்கு பதினைந்துக்கு மூன்றாம் பொத்தானை அழுத்தவும் என்று இருந்தது. அதன் பிறகு யேசுதாஸ் கசடு வாரும் நீள வாரியை எடுத்துக்கொண்டு கதவின் முன்னால் போய் நிற்பார். உள்ளே ஆயிரத்து இருநூறு டிகிரி. பழையதைத் திரும்ப ஏற்ற இருபது நிமிடம் ஆகும் என்றான் சரவணகுமார். நாஜியா கீழே போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனை எடுக்கவும் என்று அவள் அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கவில்லை.

அவள் ஓடினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யேசுதாஸ் கதவை நோக்கி நடந்துகொண்டிருந்தார். ஆலை இரைச்சலில் அவள் கூப்பிட்டது அவளுக்கே கேட்கவில்லை. குப்புராஜ் திரையைப் பார்த்துவிட்டிருந்தார். அவர் விரல் மூன்றை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. “நிக்க மாட்டேங்குதும்மா,” என்று அழுதார். “எதுனா எழுது, சீக்கிரம் எழுது.” அவள் உறையைக் கிழித்து, பேனாவால் அந்த வரியை அடித்து, கைகளை மேலே தூக்கவும் என்று எழுதினாள். அவர் அதைப் படித்தார். கைகள் மேலே போயின. யேசுதாஸ் மூடியிருந்தும் பூட்டாத கதவின் முன்னால் வாரிவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி திரும்பிப் போனார்.

அதன் பிறகு நாஜியாவின் விரல்கள் நடுங்கின. மறுநாள் காலைவரை அவளால் ஓர் எழுத்துக்கூட எழுத முடியவில்லை. சரவணகுமார் எழுதிக் காட்டியதைக் குப்புராஜின் கைகள் பொருட்படுத்தவில்லை. எப்போது இறக்குவது என்று பக்கத்தில் இல்லாததால், ஷிப்ட் முடிந்தும் அவர் தூக்கிய கைகளோடு ரயில் ஏறினார். கூட்டத்தில் அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பொன்னேரி வீட்டில் மனைவி முத்தம்மா சோறு ஊட்டினாள். “போலீசு புட்ச்சிக்கினு வந்த மாரி நிக்கிறியே, இன்னா திருடுன?” என்று கேட்டுவிட்டு, பிறகு அழுதாள். காலையில் நாஜியா எழுதிய இரண்டு சொற்களைப் படித்ததும் கைகள் இறங்கின. தோள்வலி ஒரு வாரம் இருந்தது.

அந்த வாரத்திலிருந்து நாலு மணி வெளியீடு நாஜியாவின் பக்கத்துக்காகக் காத்திருந்தது. ஒரு புள்ளியை நகர்த்தினாலும் அவள் மேசைக்கு வந்து சொன்னார்கள். இரண்டாம் ஆண்டு வேறு ஆலைகளும் அந்த மென்பொருளை வாங்கின. அதோடு போகும் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியும் கைகளை இறக்கிக்கொள்ளவும் என்பதுதான். அது ஏன் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஷிப்ட் முடிகிறது, படிக்கிறார்கள், இறக்கிக்கொள்கிறார்கள்.