கட்டைத் துவக்கு

நவராத்திரி, வாணி விழாவின் கடைசி நாள் காலை. சாமிப் படத்துக்கு முன்னால் விரித்த வெள்ளைத் துணியில் தையல் மெசின் இருந்தது, குசினிக் கத்தி இருந்தது, பொன்னம்பலம் வேலைத்தலத்தில் பெட்டி கிழிக்கும் சின்னக் கத்தியும் இருந்தது. அவருடைய மனைவி குணவதி ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள். வரிசையின் கடைசியில் அவள் வைக்காத ஒன்று கிடந்தது. கறுப்புத் துவக்கு, சன்னம் சுடுகிற துப்பாக்கி. குழாய் ஒரு முழத்துக்கு மேல் வராது.

"உதை ஆர் இதிலை வைச்சது?"

"நான்தான். ஆயுத பூசைதானே. ஆயுதத்தை வைக்காமல்?"

"தொழில் செய்யிற சாமானுக்குத்தான் பொட்டு. உது என்ன தொழில் செய்யும் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"அது விளையாட்டுத் துவக்கு" என்றார் பொன்னம்பலம். அப்போது வாயில் வந்தது அதுதான்.

துவக்கு வீட்டுக்கு வந்த கதை சின்னக் கதை. கனடாவில், ஸ்காபரோவில் அவர்கள் இருந்த வீட்டின் பக்கக் கதவை வசந்த காலத்தில் யாரோ ஒருவன் காலால் உதைத்து உடைத்தான். பொன்னம்பலம் மிசிசாகாவில், விமான நிலையத்துப் பக்கம் ஒரு சாமான் கிடங்கில் இரவு வேலை. குணவதி தனியே இருந்தாள். அவள் போட்ட சத்தத்தில் வந்தவன் ஒன்றையும் எடுக்காமல் ஓடிவிட்டான். அவளுக்குப் பயம் ஒரு கிழமையில் போய்விட்டது. பொன்னம்பலத்துக்குத்தான் போகவில்லை. துவக்கு அனுமதிக்கான வகுப்புக்குப் போனார், சோதனை எழுதினார், பத்திரம் எடுத்தார், கடைக்காரன் காட்டியதில் ஆகக் கட்டையானதாகப் பார்த்து வாங்கினார். சட்டப்படி அதை அலுமாரியில் பூட்டி, தோட்டாக்களை வேறாக வைக்கவேண்டும். அவர் சட்டப்படியே செய்தார்.

"கள்ளனை வாசல்லை கொஞ்சம் நிக்கச் சொல்லிப்போட்டுப் பூட்டுத் திறப்பைத் தேடுவியளோ?" என்று குணவதி கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. வேலை இல்லாத இரவுகளில் எழும்பிப் போய் அலுமாரிப் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். படுப்பார். திரும்பவும் எழும்புவார்.

இவ்வளவையும் பொறுத்தவள் பூசையில் பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எல்லாப் பக்கத்துத் துவக்கையும் பார்த்துவிட்டு வந்தவள். சாமிப் படத்துக்கு முன்னாலும் ஒன்று கிடந்தது அவளுக்கு ஒத்துவரவில்லை. பூசையை முடித்து, சுண்டலைக் கிண்ணத்தில் போட்டு அவருக்கு முன்னால் வைத்துவிட்டு, இரண்டு சீலையைப் பையில் வைத்துக்கொண்டு யூனியன்வில்லில் இருக்கும் தங்கச்சி தங்கேஸ்வரி வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து ரெலிபோனில் சொன்னாள்:

"விளையாட்டுச் சாமான் எண்டால் என்ரை கண்ணுக்கு முன்னாலை விளையாடிக் காட்டுங்கோ. காட்டினால் வாறன். பொய் எண்டால் நான் இஞ்சையே இருந்திடுவன். பகிடிக்குச் சொல்லேல்லை."

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை என்பது பொன்னம்பலத்துக்குத் தெரியும். கோபம் வந்தால் கத்துகிற பெண் அவள். இந்த முறை கத்தவில்லை.

கிடங்கில் பெட்டி தூக்கும் போர்க்லிப்ற் வண்டி ஓட்டுகிற சீமோன் மன்னார்ப் பொடியன். பொடியன் என்று பேர்தானே தவிர நாற்பதுக்குக் கிட்ட. கனடாவுக்கு முந்தி வந்தவன், இலையுதிர் காலத்தில் வாத்துச் சுடப் போகிறவன். பொன்னம்பலம் விசயத்தைச் சொன்னதும் லொறிக்குப் பின்னால் இருந்து சிரித்தான்.

"விளையாட்டு எண்டால் பறக்கிற களிமண் தட்டைச் சுடுறதுதான். உதாலை சுடப் போறியளோ அண்ணை? நுளம்புக்கு உலக்கை எடுக்கிற மாதிரிக் கிடக்கு. சரி, ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. எங்கடை கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

கிளப் மார்க்கம் நகருக்கு வடக்கே, சோளம் வெட்டி முடிந்த வயல்களுக்கு நடுவே இருந்தது. சீமோன் தன் காரில் முன்னால் வழி காட்டிப் போனான். தங்கச்சி வீட்டில் ஏறிய குணவதி பொன்னம்பலத்தின் காரில், பின் சீற்றில், கம்பளிக் கோட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு வந்தாள். போய் இறங்கியதும் அங்கே இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். காதை மூடச் சீமோன் ஒரு சாமான் கொடுத்தான். அதைக் கொண்டைக்கு மேலால் போட முடியாமல் கழுத்துப் பக்கமாகப் போட்டுக்கொண்டாள்.

முன்னால் பாதி மண்ணுக்குள் புதைந்த ஒரு சின்னக் கொட்டில். சுடுகிறவர் குரல் கொடுத்ததும் அதற்குள் இருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு களிமண் தட்டுச் சுழன்று பறந்தது. சுட்டதும் தூளாகி விழுந்தது.

"சோத்துக் கோப்பையை எறிஞ்சு உடைக்கினம்" என்றாள் குணவதி. அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு. "உதுக்கோ இவ்வளவு ஆக்கள்? சரி, ஏன் ஒவ்வொருத்தரும் புல்லு, புல்லு எண்டு கத்தினம்?"

"கோப்பையை விடச்சொல்லிக் கேக்கினம் அக்கா. 'இழு' எண்டதுக்கு இங்கிலீசு. முந்திக் கயிறு இழுத்துத்தானாம் விடுறது."

அந்த இடத்துக்குப் பொறுப்பு பேர்ணடெற் என்ற வெள்ளைக்கார அம்மா. அறுபது வயது இருக்கும். பொன்னம்பலத்தின் துவக்கை வாங்கி, தோட்டா போடும் வாய் திறந்து வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு குழாயைப் பார்த்தார், பொன்னம்பலத்தைப் பார்த்தார். ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான் என்று விரலைக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மற்றவர்களுடைய துவக்குகள் எல்லாம் நீளமாக, மெல்லிசாக, நல்ல மரப்பிடியோடு இருந்தன. அவற்றுக்கு நடுவே பொன்னம்பலத்தின் துவக்கு கலியாண வீட்டுக்குச் சாரம் கட்டிக்கொண்டு வந்தவன் மாதிரி நின்றது.

முதல் தட்டுப் பறந்தது. சுட்டார். தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் இறங்கியது. கட்டைத் துவக்கு பாரம் குறைவு, அதனால் உதை அதிகம். மூட்டை தூக்கித் தேய்ந்த தோளில் மாடு உதைத்த மாதிரி விழுந்தது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவதும்.

"நிப்பாட்டி நிப்பாட்டிச் சுடுறியள் அண்ணை" என்றான் சீமோன். "தும்புத்தடியாலை கூட்டுற மாதிரி அதோடையே இழுத்துக்கொண்டு போங்கோ. கெதியாச் சுடவும் வேணும். தூரத்துக்குப் போனால் உந்தத் துவக்கின்ரை சன்னம் விரிஞ்சிடும். கோப்பை நடுவாலை தப்பிப் போயிடும்."

பொன்னம்பலம் யோசித்தார். யோசிக்க யோசிக்கத் தவறியது. பின்னால் வாங்கில் இருந்து வந்த அமைதிதான் அவரை இன்னும் கெடுத்தது. குணவதி பார்த்துக்கொண்டிருந்தாள். இது விளையாட்டு என்று காட்ட வந்தவர், களவு செய்து பிடிபட்டவன் போல நின்றார். குரலும் இறங்கிவிட்டது. அடுத்த முறை அவர் சொன்ன "புல்" கொட்டிலுக்குக் கேட்கவேயில்லை. தட்டு வரவில்லை. திரும்பவும் சொன்னார். வரவில்லை.

"புல்!"

குணவதிதான். சந்தைக்குள் மறுபக்கம் நிற்கிறவளைக் கூப்பிடுகிற குரல் அது. தட்டுப் பறந்துவிட்டது. பொன்னம்பலம் ஆயத்தமாக இல்லை, யோசிக்க நேரமும் இல்லை. துவக்கு தன்பாட்டில் தோளுக்கு வந்தது, வெடித்தது. தட்டு கொட்டிலுக்குக் கிட்டவே தூளாய்ப் போயிற்று.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேர்ணடெற் விரைந்து வந்து, சுடுகிறவர்தான் குரல் கொடுக்கவேண்டும், மற்றவர்கள் கொடுக்கக்கூடாது, ஆபத்து என்று கண்டிப்பாகச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சீமோன் ஏதோ கேட்டான். பேர்ணடெற் பொன்னம்பலத்தைச் சரியாக நிற்கவைத்து, துவக்கைத் தூக்கவைத்து, பிறகு குணவதியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"புல்!" என்றாள் குணவதி.

உடைந்தது. அடுத்தது தப்பியது. அதற்கு அடுத்ததும் உடைந்தது. "எட, விழுத்திப்போட்டார்!" என்று அவள் சீமோனுக்குச் சொன்னது பொன்னம்பலத்துக்குக் காது மூடியிருந்தும் கேட்டது. திரும்பிப் பார்த்தார். குணவதி எழும்பி நின்றாள். காது மூடி கழுத்தில் தொங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள். வாணி விழாவுக்குப் பிறகு அவர் பார்த்த முதல் சிரிப்பு. சரி, காரியம் முடிந்தது, வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தார்.

துவக்கை வெறுமையாக்கிக்கொண்டு வாங்கடிக்கு வந்தபோது பேர்ணடெற்றும் வந்தார். அவர் தோளைத் தட்டிச் சந்தோசமாகக் கனக்கக் கதைத்தார். பொன்னம்பலத்துக்கு இருந்தது கிடங்கு இங்கிலீசு. ஆனால் பேர்ணடெற் மெதுவாகப் பேசினார், எல்லாம் விளங்கியது. விளங்காமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னவாம்?" என்றாள் குணவதி.

"நல்லாச் சுட்டனாம்."

"அவ அவ்வளவு நீட்டுக்குக் கதைச்சா. நீங்கள் என்ன உந்தத் துவக்கு மாதிரிக் கட்டையாச் சொல்லுறியள்?"

சீமோன் சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து கட்டத் தொடங்கினான். அது அவிழ்ந்திருக்கவில்லை.

பேக்கரியில் பாண் அடுக்குகிற குணவதிக்கும் கொஞ்சம் இங்கிலீசு தெரியும். எவ்வளவு தெரியும் என்று அவருக்குத் தெரியாது. இப்போது ஒரு பொய்யைச் சொல்லலாம், அவள் ஏற்றுக்கொள்ளவும் கூடும். ஆனால் சிரித்து முடித்த முகத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பிழையான துவக்காலை நல்லாச் சுட்டனாம்" என்றார். "உது வானத்தைப் பாத்துச் சுடச் செய்யேல்லையாம். கதவுக்குப் பின்னாலை வைக்கச் செய்ததாம். ஆள் வந்தால் சுட. விளையாட விருப்பம் எண்டால் தான் ஒரு நீட்டுத் துவக்கு இரவல் தாறாவாம்."

குணவதி துவக்கைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள்.

"கடைக்காரன் உங்களுக்குச் சொன்னவனோ?"

"ஓம்."

"அப்ப தெரிஞ்சுதான் வாங்கினியள்."

"ஓம். நீர் தனிய நிண்டனீர். நான் அங்கை பெட்டி ஏத்திக்கொண்டு நிண்டன்."

"நான்தானே நிண்டன். நான் கத்தினன், அவன் ஓடினான். இண்டைக்கும் நான் கத்தித்தான் கோப்பை வந்தது." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்குக் கள்ளனுக்குப் பயமில்லை. நீங்கள் எழும்பி எழும்பி அலுமாரியடிக்குப் போறியளே, அந்தச் சத்தத்துக்குத்தான் எனக்குப் பயம். பக்கத்திலை படுத்திருக்கிறது ஆர் எண்டு தெரியாமல் கிடக்கு."

பொன்னம்பலம் துவக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காற்று சோளத்தாளை உருட்டிக்கொண்டு போனது. அடுத்த ஆள் குரல் கொடுத்தான், வெடித்தது. குணவதியின் உடம்பு ஒருதரம் குலுங்கியது. தன் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

"சீமோன்," என்றார் பொன்னம்பலம், "உன்ரை வேட்டைக் கொட்டிலிலை கரடி வாறது எண்டு சொன்னனி."

"வரும் அண்ணை. கள்ளன்தான் அவ்வளவு தூரத்துக்கு வரமாட்டான்."

"அப்ப நீ வைச்சிரு. பேர் மாத்திற எழுத்து வேலையை நாளைக்கே முடிப்பம்."

சீமோன் குணவதியை ஒருதரம் பார்த்தான். பிறகு துவக்கை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டித் தன் காரின் பின்பெட்டியில் போட்டான். பொன்னம்பலத்தின் கை வெறுமையாகத் தொங்கியது. அது லேசாக இருந்தது என்று சொல்ல முடியாது. தோள் நோவு இறங்கியிருக்கவில்லை, பயமும் இறங்கியிருக்கவில்லை.

திரும்பும்போது குணவதி அவருக்குப் பக்கத்தில் முன் சீற்றில் இருந்தாள். யூனியன்வில்லுக்குத் திரும்பும் சந்தி வந்தது. அவர் காரை மெதுவாக்கினார்.

"நேரை விடுங்கோ. சீலையைத் தங்கேசு கொண்டுவந்து தருவாள்" என்றாள். கொஞ்சத் தூரம் போனதும், "உந்தக் கடையடியிலை நிப்பாட்டுங்கோ" என்றாள்.

மரமும் ஆணியும் விற்கிற பெரிய கடை. கதவுச் சாமான்கள் இருந்த பக்கத்தில் இருவரும் நின்றார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற திறாங்குக்கு இங்கிலீசில் என்ன என்று பொன்னம்பலத்துக்குத் தெரியவில்லை. வேலை செய்கிற பொடியன் ஒருவனுக்குக் கையால் இழுத்துக் காட்டினார். அவன் மூன்று நான்கை எடுத்து வைத்தான். குணவதி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, ஆகப் பாரமானதை எடுத்தாள்.

"உது பெரிசு, யன்னலுக்கு வராது" என்றார்.

"யன்னலுக்கில்லை, பக்கக் கதவுக்கு. உள்ளுக்காலை போடவேணும். நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு நான்தானே போடுறது."

"நான் விடிய வந்தால்?"

"தட்டுங்கோ. ஆர் எண்டு கேட்டுத்தான் திறப்பன்."

அதோடு வந்த ஆணிகளைப் பொன்னம்பலம் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். கட்டையானவை, அந்தப் பழைய கதவு நிலையில் பிடிக்காது. நீளமான ஆணி எடுக்கத் திரும்பிப் போனார். எடுத்துக்கொண்டு வந்தபோது குணவதி திறாங்கோடு காசு கட்டும் வரிசையில் நின்று, பின்னால் வந்தவரிடம் பொன்னம்பலத்துக்காக இடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.