மூன்று வருஷக் கிணறு

நாடோடிகளுக்கு வீடு என்று சர்க்கார் அறிவித்ததிலிருந்து மாடத்தி பிளாக் ஆபீசுக்கு நடப்பது இது ஆறாவது தடவை. ஊர் ஊராய்ப் போய்க் கிணறு வெட்டும் கூட்டம் அவளுடையது. போன மாசி மாதம் கிணற்றுக்குள் பாறை சரிந்து புருஷன் ராக்கப்பனின் முழங்கால் நொறுங்கிப்போனது. இனி அவனைத் தூக்கிக்கொண்டு ஊர் மாற முடியாது. ஓர் இடத்தில் கிடந்தே ஆகவேண்டும்.

"மூணு வருஷம் ஒரே ஊர்ல குடியிருந்ததுக்குச் சீட்டு கொண்டா" என்று போன தடவை விரட்டியிருந்தார் கிளார்க் செல்வநாயகம்.

கொண்டுவந்துவிட்டாள். தங்கள் நிலத்தில் கிணறு வெட்டக் கொடுத்த சம்சாரிகளிடம் கெஞ்சி எழுதி வாங்கிய நான்கு காகிதங்கள்.

"மல்லாங்கிணறு, பத்து மாசம். எம். புதுப்பட்டி, எட்டு மாசம்... என்னம்மா இது?"

"நாலையும் கூட்டிப் பாருங்கய்யா. மூணு வருஷத்துக்கு மேல ஒரு மாசம் கூடவே இருக்கும்."

செல்வநாயகம் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரே ஊர்லன்னு சொன்னேனா இல்லையா?"

"ஒரே ஊர்ல மூணு வருஷம் இருந்தா நாங்க எப்படிய்யா நாடோடி?"

"அதை மெட்ராசுல போய்க் கேளு."

"அம்புட்டுத் தூரமா? இங்கன வாறதுக்கே செருப்பு அந்துபோச்சு."

"என் உசுரை வாங்காத தாயி. தாயில்பட்டிக்கிட்ட பத்து வீடு கட்டி ஆறு மாசமாப் பூட்டிக் கிடக்கு. ஏன் ஆளைக் குடிவைக்கலன்னு மேலயிருந்து தினம் ஒரு கடுதாசி. தண்ணி இல்லாம யாரைக் குடிவைக்க? கிணறு வெட்ட ஆளு..."

பாதியில் நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"வெட்டுதோம்" என்றாள் மாடத்தி. "அதுவரைக்கும் எங்கன தங்க?"

"அங்க ஒரு வீட்டுலதான். வேலையாளுக தங்கிக்கிட ரூல் இருக்கு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குடியிருக்க வந்தா ரூல் இல்ல. குழி வெட்ட வந்தா மட்டும் இருக்காக்கும்?"

"இருக்கு. இந்தா, கைநாட்டு வை."

"முதல்ல நீங்க எழுதுங்க. இன்ன தேதியிலிருந்து மாடத்தி குடும்பம் தாயில்பட்டியில இருக்குன்னு."

எழுதிக் கொடுத்தார். ஆள் போனால் போதும் என்றிருந்தது அவருக்கு.

மறுநாள் ராக்கப்பனை மாட்டு வண்டியில் கொண்டுவந்து ஏழாம் நம்பர் வீட்டுக்குள் இறக்கினாள். அவன் சுவரில் சாய்ந்தபடி, அவள் அள்ளி வந்த மண்ணை உள்ளங்கையில் நசுக்கிப் பார்த்தான்.

"நல்ல இடம்ளா. ஆறு மாசத்துல ஊத்து வந்துரும்."

மாடத்தி கடப்பாரையை மூலையில் சாத்தினாள்.

"வராது. மூணு வருஷம் ஆகும்."