அரைகுறை எழுதிய நல்ல தமிழ்

என் அப்பா காலமெல்லாம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். ஓய்வு பெற்றதும் திருத்த ஆள் கிடைக்காமல் என் உயிரை எடுத்தார். தொல்லை தாங்காமல் போனில் ஒரு தமிழ்க் குழுவில் சேர்த்துவிட்டேன். பிறந்தநாள் வாழ்த்தா, இரங்கல் செய்தியா என்றெல்லாம் அவர் பார்க்க மாட்டார். பிழையைக் கண்டால் பாய்ந்துவிடுவார். பாதிப் பேர் திட்டிவிட்டு பிளாக் செய்துவிட்டார்கள்.

'அரைகுறை' என்ற பெயரில் எழுதுகிற ஒருவன் மட்டும் ஓடவில்லை. தினமும் ஏதாவது எழுதுவான், பிழைகளை வாரி இறைத்திருப்பான். அப்பா தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வரிவரியாகத் திருத்துவார். "முயற்சி தொடரட்டும் தம்பி" என்று முடிப்பார். "நன்றி ஐயா" என்று பதில் வந்த பிறகுதான் சாப்பிட உட்காருவார்.

அந்த அரைகுறை என் அண்ணன்.

கட்டிக்கொள்ளப் போகிறவள் என்று அவன் அண்ணியைக் கூட்டி வந்த அன்று, வேற்றுமொழிக்காரி பாவம், மனப்பாடம் செய்து வந்த நாலு தமிழ் வார்த்தைகளை அப்பா வாசலிலேயே நிறுத்தித் திருத்தினார். அண்ணி சிரித்தாள். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சு முற்றியது. "உன் தமிழே கலப்படமாயிடுச்சு. ஒழுங்கா பேசக் கத்துக்கிட்டு அப்புறம் இந்த வீட்டுக்கு வா" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவன் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை.

"வேணும்னேதான் தப்பா எழுதறேன். அப்பதானே என்கிட்ட பேசறார்" என்றான் அண்ணன். "சொல்லிடாத. நான்னு தெரிஞ்சா அதையும் நிறுத்திடுவார்."

இரண்டு பேரையும் நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். "பாப்பா தாத்தா எங்கன்னு கேக்கறா. அவ அம்மா பாஷையிலதான் கேக்கறா. இன்னிக்கு ஒழுங்கா எழுதியிருக்கேன். படிச்சா நான்தான்னு அப்பாவுக்குத் தெரிஞ்சுடும். தெரியட்டும்."

சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்ததை எழுதியிருந்தான். அவன் உளறியதைக்கூட அப்பா பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினாராம். ஆனால் விடியும்வரை நெற்றியில் வைத்த கையை எடுக்கவில்லையாம். அந்தக் கைக்காக இன்னொரு காய்ச்சல் வந்தாலும் சரி என்று முடித்திருந்தான்.

அப்பா படித்தார். மறுபடியும் முதல் வரியிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒரு பிழை இல்லம்மா. இவனுக்கு இப்படியெல்லாம் வராது. யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்க."

"விஷயத்தைப் படிச்சீங்களா அப்பா?"

"புரூஃப் பார்க்கறவன் விஷயத்தைப் படிக்கக் கூடாது. படிச்சா பிழை தப்பிச்சுடும்."

"காய்ச்சல்னு எழுதியிருக்கே. எதுவும் ஞாபகம் வரலையா?"

"பிள்ளைங்கன்னா காய்ச்சல் வராதா?" என்று அடுத்தவர் பதிவுக்குப் போய்விட்டார். நடிக்கவில்லை. அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் கூப்பிட்டான்.

"படிச்சாரா?"

"ரெண்டு தடவை படிச்சார்."

"பதிலே போடலையே."

"பிழை எதுவும் இல்லையாம்."

பின்னால் குழந்தை எனக்குப் புரியாத மொழியில் அவனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது.

"சரி" என்றான். "நாளைக்குப் பழையபடி தப்பாவே எழுதிடறேன்."