முடிச்சூரில் வேகாத கொண்டைக்கடலை

திங்கட்கிழமை மாலை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கொண்டைக்கடலை என் கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கு நின்றது. கடலை ஜெயித்தது. எதிரில் காந்திமதி தட்டை நகர்த்திவிட்டு, போனை எடுத்து இட்லி ஆர்டர் செய்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அந்த நிம்மதியைக்கூட எனக்குத் தரவில்லை.

என் மனைவி காந்திமதி பள்ளி ஆசிரியை. திருப்போரூர் பக்கம் அவள் பள்ளி நிர்வாகம் திறந்திருக்கும் புதுப் பள்ளிக்கு அவளைத் தலைமை ஆசிரியையாகக் கூப்பிட்டிருந்தார்கள். முடிச்சூரிலிருந்து விடிந்ததும் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதக் கடிதம் தர வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்பும் இப்படி ஒரு வாய்ப்பு வந்தது. "வீட்டுல யாரு சமைக்கிறது?" என்று கேட்டாள். நான் அப்போது பேப்பரில் மிக முக்கியமான ஏதோ செய்தியைப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்தச் செய்தி என்னவென்று எனக்கு இன்று ஞாபகமில்லை. அவள் கேட்டது மட்டும் ஞாபகமிருக்கிறது.

இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். "சமையல் என் பொறுப்பு. இந்த வாரம் செஞ்சு காட்டறேன், அப்புறம் கையெழுத்து போடு" என்று வீரம் பேசி, ஒரு ஸ்லோ குக்கர் வாங்கினேன். காலையில் எல்லாவற்றையும் போட்டு, பட்டனை அழுத்தி, வீட்டைப் பூட்டிக்கொண்டு போகலாம். எட்டு மணி நேரம் அதுவே மெல்ல வேகவைக்கும். திங்கட்கிழமைக் கடலை அதில் வைத்ததுதான். திருகுகிற சாதா மாடல் போதும் என்றாள் காந்திமதி. எண்கள் ஒளிரும் மாடல்தான் என் கௌரவத்துக்குப் பொருத்தம் என்றேன் நான்.

செவ்வாய்க்கிழமையும் பகலில் மழை. அன்று சுரைக்காய் சாம்பார். மாலை மூடியைத் திறந்தால், துவரம்பருப்பு காலையில் பார்த்த அதே முகத்தோடு என்னைப் பார்த்தது. குக்கரில் எண்களைக் காணோம். நான்கு கோடுகள் மட்டும் கண் சிமிட்டின. எனக்கு ரத்தம் கொதித்தது. அன்று அந்த வீட்டில் கொதித்தது அது ஒன்றுதான்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஸஹானா என்ற பெண் பேசினாள்.

"கரண்ட் போச்சுங்களா சார்? போனா இந்த மாடல் திரும்ப தானா ஆன் ஆகாது."

"போகவே இல்லம்மா. விசாரிச்சிட்டேன்."

விசாரித்தது உண்மை. கீழ்வீட்டு வேதசிரோமணி சார், ரயில்வேயில் ரிடையர் ஆனவர், மனைவி பியூலா அக்காவோடு நாள் முழுக்க வீட்டில் இருப்பவர், "பியூலா காலைலேர்ந்து சீரியல் பாத்துட்டு இருந்தா. ஒரு நிமிஷம்கூட கட்டாகல" என்று அடித்துச் சொல்லியிருந்தார்.

"அப்ப கொஞ்சம் பொறுமையா பாருங்க சார். அது ஸ்லோ குக்கர்தானே."

பொறுமையா? மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதினேன். நுகர்வோர் உரிமை, பெண்கள் முன்னேற்றம், துவரம்பருப்பு எல்லாம் அதில் வந்தன. ஆதாரம் மட்டும்தான் பாக்கி.

ஆதாரத்துக்காகப் புதன்கிழமை லீவு போட்டேன். வண்டியைக் காந்திமதி எடுத்துப் போய்விட்டாள். கிரில் கேட்டை உள்ளிருந்து பூட்டிவிட்டு, குக்கருக்கு எதிரே ஸ்டூல் போட்டு, போனில் வீடியோ எடுத்தபடி உட்கார்ந்தேன். பதினொன்றரைக்குத் திருநீர்மலைப் பக்கம் மேகம் கறுத்தது. முதல் தூறல் விழுந்ததும் ஃபேன் நின்றது. குக்கர் அணைந்தது. ஆனால் கீழே பியூலா அக்காவின் சீரியலில் யாரோ அழும் சத்தம் நிற்கவில்லை.

செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினேன். மாடிப்படிக்கு அடியில் மீட்டர் பாக்ஸ் திறந்திருந்தது. எங்கள் மெயின் சுவிட்ச்சின் மேல் வேதசிரோமணி சாரின் கை.

"பத்ரி? ஆபீஸ் போகலியா? வண்டிய காணோமேன்னு..."

"என் வீட்டு கரண்ட்ட நிறுத்த உங்களுக்கு யார் சார் அதிகாரம் குடுத்தது? மூணு நாளா எனக்குச் சோறு இல்ல. என் வைஃபோட வேலையே போயிடும்போல இருக்கு. எந்த சட்டத்துல சார் இருக்கு இது?"

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, மீட்டர் பாக்ஸ் கதவின் உட்புறத்தை என் பக்கம் திருப்பினார். லேமினேட் செய்த தாள் ஒன்று மஞ்சள் பூத்து ஒட்டியிருந்தது. 'மேகம் கூடினால், வீட்டில் இருப்பவர்கள் பூட்டியிருக்கும் வீடுகளின் மெயினைத் தவறாமல் நிறுத்த வேண்டும். மழை விட்டதும் போட வேண்டும்.' தவறாமல் என்பதற்குக் கீழே இரண்டு கோடுகள். இப்படிக்கு, எஸ். பத்ரி, செயலாளர், குடியிருப்போர் சங்கம், 2016.

கையெழுத்து என்னுடையதுதான். அந்தக் காலத்தில் நன்றாகவே போட்டிருக்கிறேன்.

"வெள்ளத்தப்ப இடுப்பளவு தண்ணி" என்றார் அவர். "பூட்டின வீட்டுல எங்க கரண்ட் ஓடுதுன்னு தெரியாம, பியூலாவ தூக்கிக்கிட்டு ஒவ்வொரு படியா கால் வச்சு ஏறினேன். நீங்க இத எழுதி ஒட்டினப்புறம்தான் பத்ரி எனக்கு மழைல தூக்கமே வந்துச்சு."

"கரண்ட் போச்சான்னு நேத்து கேட்டேனே சார். இத சொல்லியிருக்கலாமே."

"எங்க வீட்ட கேக்கறீங்கன்னு நெனச்சேன். இது வருஷக்கணக்கா நடக்குது, உங்களுக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன்."

பியூலா அக்கா வாசலில் வந்து நின்றார். "இவரு நிறுத்தாம இருக்க மாட்டாரு தம்பி. பேசாம அந்தச் சட்டிய இங்க கொண்டாந்து வைங்க. இங்க ஆள் இருக்கோம்ல."

ஒரு சமையலறைப் புரட்சியைக் கீழ்வீட்டில் குடிவைப்பது எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வியாழக்கிழமை காலை, ஊறவைத்த கடலையோடு குக்கரைச் சுமந்து இறங்கினேன். அன்று நாள் முழுக்க மழை. மாலை நாங்கள் வந்தபோது வேதசிரோமணி சார் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு, ரயிலுக்கு சிக்னல் தருகிறவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

குக்கரை மேலே கொண்டுவந்ததும் காந்திமதி ஒரு கடலையை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினாள். வெண்ணெய் மாதிரி அமுங்கியது. வாயில் போட்டுக்கொண்டாள்.

"உப்பே இல்ல."

மூன்று பக்கம் புகார் எழுதியவனுக்கு ஒரு ஸ்பூன் உப்பு ஞாபகம் வரவில்லை. முகத்தை மறைத்துக்கொள்ள நான் பேப்பரைத் தேடினேன். இல்லை.

அவள் மேலாக உப்பைத் தூவிச் சாப்பிட்டாள். மறுபடியும் போட்டுக்கொண்டாள். பிறகு கையைக் கழுவிவிட்டு, பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"சாருக்கும் அக்காவுக்கும் ஒரு கிண்ணம் குடுத்துட்டு வாங்க" என்றாள். "உப்பு போட்டு."