சிவப்பு ஸ்டிக்கர்

முதல் பெட்டி பகல் பன்னிரண்டுக்குள் லாரி ஏற வேண்டும் என்றதும், ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையின் அந்தக் கேமரா ஆலையில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. நேற்றுவரை செல்போனுக்குக் கேமரா செய்த கைகள் இன்று இலக்கில் மோதி வெடிக்கும் ராணுவ ட்ரோனுக்குச் செய்கின்றன. பக்கத்துத் தடாவிலிருந்து பஸ்ஸில் வரும் தேவசேனாவும் டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. எல்லையில் நம் ஜனங்களைக் கொன்றவர்களைத் திருப்பி அடிப்பது நியாயம்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

லென்ஸைச் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் குப்பை. பெட்டியின் கடைசி லென்ஸில் மயிரிழை போல ஒரு கீறல். திரையில் படம் கலங்கியது. அவள் அதை ஒதுக்கினாள்.

சூப்பர்வைசர் ஆதிகேசவன் ஓடிவந்தார். "இன்னாம்மா, லாரி நின்னுக்கினு கீது. எப்டியும் வெடிச்சி சிதறப் போற சாமான்தான? பச்சைய ஒட்டு."

"அடிக்கணும்னு நானுந்தான் சொல்றேன் சார். ஆனா கீழ நிக்கிறவன் தோள்ல இருக்கிறது துப்பாக்கியா, ஸ்கூல் பையான்னு இதுல தெரியாது."

"போன்ல மூஞ்சி கலங்கினா வாங்கனவன் கம்ப்ளெயின்ட் பண்ணுவான். இதுக்கு எவன் வந்து பண்ணப் போறான்?"

வெளியே லாரி விடாமல் ஹாரன் அடித்தது. தேவசேனா சிவப்பு ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டிவிட்டு, புது லென்ஸை எடுக்க எழுந்து ஓடினாள்.

"அந்தப் பை வெச்சிருந்த புள்ள வந்து கம்ப்ளெயின்ட் பண்ண முடியாது சார். அதான் இப்பவே நான் பண்றேன்."