ஒரு விரற்கடை பவர்

விமானம் ஓடுதளத்தைத் தாண்டிப் புல்லில் போய் நின்ற அன்று, கேப்டன் முதலில் தேடியது தன் தொப்பியை. அடுத்துத் தேடியது, பழி போட ஓர் ஆளை. தொப்பி இருக்கைக்கு அடியில் கிடைத்தது. ஆள் சொந்தத்திலேயே கிடைத்தான்: மனைவியின் அண்ணன், அதே விமானத்தைப் பராமரிக்கும் மெக்கானிக்.

"ஸ்பாய்லர் எழும்பல முதலாளி. மச்சான் சரியாப் பாக்கல."

முதலாளிக்கு எட்டுப் பேர் உட்காரும் சொந்த ஜெட் ஒன்றும், அதைவிடப் பெரிய கௌரவம் ஒன்றும் இருந்தன. விசாரணை என்ற பேச்சே எழாமல் அமுக்கிவிட்டு, மெக்கானிக்கின் கையெழுத்து உரிமையை மட்டும் பிடுங்கிக்கொண்டார். பதினெட்டு வருஷம் 'பறக்கலாம்' என்று கையெழுத்திட்ட கை, அதன்பின் சக்கரம் கழுவியது. கேப்டனோ போன வீட்டிலெல்லாம், "மச்சான் கோட்டை விட்டதை நான்தான் சமாளிச்சேன்" என்று அடக்கத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்பாய்லரில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. தரையைத் தொட்ட பிறகும் இறக்கைக்குப் பறக்கிற ஆசை விடாது. அதன் முதுகில் படுத்திருக்கும் பலகைகள் சடாரென்று எழுந்து அந்த ஆசையைக் கெடுக்க வேண்டும். அப்போதுதான் பாரம் முழுக்கச் சக்கரத்தில் இறங்கி, பிரேக் பிடிக்கும். அவை தாமாக எழுவதற்குச் சக்கரம் தரையில் உட்கார்ந்தால் மட்டும் போதாது. எஞ்சின் நெம்புகோல் இரண்டும் கடைசிவரை பின்னால் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் முன்னால் நின்றாலும், ஐயா மறுபடி மேலே போகிறார் போல என்று பலகைகள் மரியாதையாகப் படுத்தே கிடக்கும்.

விமானம் புல்லில் போய் நின்று ஏழு மாதம் கழித்து, மெக்கானிக்கின் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேப்டன் விருந்தாளிகளுக்குத் தொழில் ரகசியம் சொன்னார். "தரையைத் தொட்ட பிறகும் ஒரு விரற்கடை பவர் விட்டுவைப்பேன். அதான் பட்டு மாதிரி இறங்குது."

மெக்கானிக்கின் கை தட்டிலேயே நின்றது. நீளமான ஓடுதளங்களில் அந்தப் பட்டு யாரையும் உறுத்தவில்லை. புல்லில் ஏறிய அன்றைக்கு ஓடுதளம் குட்டை; மழை வேறு. அவன் தங்கையிடம் தண்ணீர் மட்டும் கேட்டான்.

அடுத்த மாதம் வருடாந்திரப் பரிசோதனை. விமானத்தை ஜாக்கிகளில் தூக்கி நிறுத்தி, வெளியிலிருந்து ஹைட்ராலிக் அழுத்தமும் கொடுத்திருந்தார்கள். பார்க்க வந்த முதலாளியின் முன்னால் மெக்கானிக் குழைந்தான்.

"மாப்பிள்ளை இறக்குற அழகை உள்ள உக்காந்துதானே பாத்திருப்பீங்க. வெளிய நின்னு ஒரு தடவை பாருங்க."

கேப்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏறினார். ஸ்பாய்லரைத் தயார் நிலையில் வைத்தார். வானத்தில் இருப்பதாகவே பாவித்து, விமானக் கூடத்துக்கே கேட்கும்படி உயரம் சொல்லிக்கொண்டு வந்தார். "தொட்டாச்சு" என்றதும், சக்கரக் காலில் இருந்த சுவிட்சுகளை மெக்கானிக் அழுத்தினான். விமானத்தைப் பொறுத்தவரை அது தரைக்கு வந்துவிட்டது.

பலகைகள் அசையவில்லை.

"பாத்தீங்களா முதலாளி?" கேப்டனின் குரலில் தேன் வடிந்தது. "இன்னும் சரி பண்ணல."

"கையை எடுக்காதீங்க மாப்பிள்ளை. அப்படியே வைங்க. முதலாளி, உள்ள போய் அந்தக் கை நெம்புகோலை எங்க நிறுத்தியிருக்குன்னு பாருங்க. பாத்துட்டு நீங்களே முழுசா பின்னால இழுங்க."

முதலாளி போனார். நெம்புகோல்கள் ஒரு விரற்கடை முன்னால் நின்றன. இழுத்தார். இரண்டு இறக்கைகளிலும் பலகைகள் படாரென்று எழுந்து நின்றன. ஜன்னல் வழியாக அதைப் பார்த்த முதலாளிக்கு, புல்லில் ஏறிய அன்று உள்ளே உட்கார்ந்திருந்த தன் சட்டையில் கொட்டிய காப்பியின் சூடு எட்டு மாதம் கழித்து உறைத்தது.

"கையெழுத்து இன்னையிலேருந்து மறுபடி உன்னோடது" என்றார். "இவனை என்ன பண்ணலாம்?"

"வேலையை விட்டு எடுக்காதீங்க. என் தங்கச்சி பாவம், நாள் பூரா வீட்டுல வச்சுப் பாக்கணும். பதிவேட்டுல எழுதட்டும், போதும்."

கேப்டன் எழுதினார்: 'அன்று விமானியின் சிறு கவனக்குறைவு.'

"'சிறு' வேண்டாம் மாப்பிள்ளை. அடிங்க."

அடித்தார்.

"அடிச்சா பக்கத்துல கையெழுத்து, தேதி போடணும். விதி."

போட்டார்.

"'கவனக்குறைவு' இல்ல, 'பழக்கம்'. அதையும் அடிங்க. கையெழுத்து. தேதி."

பாக்கெட்டில் தங்கையின் அழைப்பு அதிர்ந்தது. "அவர் எங்கேண்ணா? சாப்பிட வரலையே."

"வருவாரும்மா. எழுதிட்டிருக்கார்" என்று மெக்கானிக் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தான். "முதல் வரிதான் ஆகுது."