பின்னறைக்கு அடித்த வெள்ளை

பம்ப்செட் மெக்கானிக் தன் வீட்டுப் பின்னறைச் சுவருக்கு மூன்றாவது தடவையாக வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். முழங்கால் உயரத்தில் ஓடிய பழுப்புக் கோடு இப்போதுதான் கண்ணுக்கு மறைந்தது. பெருமழையில் வயல் வாய்க்கால் நிரம்பினால் தண்ணீர் நேராக இந்த அறைக்குள் வந்து நிற்கும். அதன் தடம்தான் அந்தக் கோடு.

"சுவத்துக்குப் பூசுறீங்களா, மனசாட்சிக்கா?" என்றாள் மனைவி, வாசலில் நின்றபடி.

"சும்மா இரு. மக வெளியூர்ல ரெட்டைப் பிள்ளைங்கள வச்சுக்கிட்டு அல்லாடுறா. வீடு வித்தாத்தான் நாம அவகிட்ட போக முடியும். கேட்டா சொல்லுவோம். கேக்கலைன்னா நாமளா ஏன் வாயைக் கொடுக்கணும்?"

அது வீட்டுத் தரகர் சொல்லிக்கொடுத்த பாடம். பேச்சில் சர்க்கரை தடவுவதால் அவருக்கு ஊரில் 'சர்க்கரை' என்றே பெயர்.

மறுநாள் காலை சர்க்கரை ஒரு குடும்பத்தை அழைத்து வந்தார். பேக்கரியில் வேலை பார்க்கும் ஒருவர், அவர் மனைவி, சக்கர நாற்காலியில் அவருடைய அம்மா. அந்த அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வாய்க்கு மட்டும் ஓய்வே இல்லை. சமையலறையைப் பார்த்து மருமகளைக் கேலி செய்தார். குளியலறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். பின்னறைக்கு வந்ததும் ஜன்னலோரம் நாற்காலியை நிறுத்தச் சொன்னார்.

"இது என் ரூம். இவங்க ரெண்டு பேரும் விடிஞ்சா வேலைக்குப் போயிடுவாங்க. நான் ஒத்தையாத்தானே கிடக்கணும்? வயல் தெரியுது பாரு, பேச்சுத் துணைக்குக் கொக்காவது வரும்!"

எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்கால் சிரிக்க முடியவில்லை. யாருமில்லாத வீடு, ஏறி வரும் தண்ணீர், கட்டிலை விட்டு நகர முடியாத இந்த அம்மா.

"இந்த ரூம் வேணாம்மா," என்றார். "பெரிய மழைன்னா இங்க முழங்கால் அளவு தண்ணி நிக்கும். அதை மறைக்கத்தான் வெள்ளையடிச்சேன். தப்புதான்."

"அது எப்பவோ நடந்த கதைங்க..." என்று இழுத்தார் சர்க்கரை.

"போன மழைக்குக்கூட வந்துச்சு," என்றார் மெக்கானிக்.

பேக்கரிக்காரர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கிளம்பினார். தரகரும் முறைத்தபடி பின்னால் போனார். மனைவி மட்டும் அருகில் வந்து, அவர் காதோரம் ஒட்டியிருந்த சுண்ணாம்பை முந்தானையால் துடைத்துவிட்டாள். அன்று மாலை போனில் மகள் அழுதாள். சொன்னதற்காக அவர் வருத்தப்படவில்லை. மகளை நினைத்துத்தான் வருந்தினார்.

பதினோரு நாள் கழித்து அந்தக் குடும்பம் தரகர் இல்லாமல் திரும்பி வந்தது. அம்மாவின் கட்டில் மேடான முன்னறையில் கொள்ளுமா என்று மருமகள் அளந்து பார்த்தாள். வாய்க்கால் பக்கம் தானே ஒரு தடுப்புச் சுவர் எழுப்பித் தருவதாக மெக்கானிக் வாக்குக் கொடுத்தார்.

"தண்ணி வர்ற வீடுன்னு தெரிஞ்சுமா வாங்குறீங்க?" என்று அவர் மனைவி வியப்போடு கேட்டாள்.

அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதோட ஏழு வீடு பார்த்தாச்சும்மா. எல்லாமே குறையே இல்லாத வீடுன்னுதான் சொன்னாங்க. வீட்டுல குறை இருந்தா சரி பண்ணிக்கலாம். வித்தவங்க வாயில பொய் இருந்தா, அந்தப் பொய்க்குள்ளதான் காலம் பூரா குடியிருக்கணும்."